லேப்டாப்புக்குக் கண் திறந்த நாள்

எங்கள் தெருவில் யாருடைய கம்ப்யூட்டராவது மக்கர் பண்ணினால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். பிரிண்டர் ஓடவில்லையா, சத்தம் வரவில்லையா, "அந்த அக்காட்ட கொண்டு போ" என்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். முட்டி மோதிக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெருமைப்படாமல் வேறு எதைப் பற்றிப் பெருமைப்படுவதாம்?

அந்தக் கல்வியை எனக்குப் புகட்டியது என்னுடைய சொந்த லேப்டாப். நான் பிளஸ் டூ படித்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அந்த லேப்டாப். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் என்னுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தும் நாற்று நட்டும் என்னைப் படிக்க வைத்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் கையில் கொடுக்கப்பட்ட முதல் பெரிய பொருள் அதுதான். அதை வைத்துத்தான் பி.காம். முடித்தேன். கல்யாணத்தின்போது அண்டா, குத்துவிளக்கு, பீரோ என்று அடுக்கிய சீர்வரிசையில் அப்பா அந்த லேப்டாப்பையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துவிட்டார்.

"இது என்னப்பா, பொண்ணு போற இடத்துல படம் பாக்கவா?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நக்கலடித்தார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் என் மாமியார் விடவில்லை. "எம் மருமக கம்ப்யூட்டரோட வாரா. உங்க வீட்டு மருமக எதோட வந்தா?" என்று அத்தனை பேர் முன்னால் திருப்பிக் கேட்டார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவரும் காட்டு வேலை பார்த்தவர்தான். சின்ன வயதிலேயே கணவரைப் பறிகொடுத்து, ஒற்றை ஆளாக மகனை வளர்த்து, கூலிக்குப் போன ஊரிலேயே சொந்தமாக ஒரு துண்டு நிலமும் வாங்கியவர். இப்போது நாங்கள் எல்லோரும் மதுரையில், ஆரப்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் என் கணவருக்கு மேனேஜர் வேலை.

நானும் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். விட்ட நாளிலிருந்து "வீட்டுல சும்மாதான இருக்க?" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. சும்மாவாம்! சொன்னவர்கள் ஒரு நாள் வந்து சும்மா இருந்து பார்க்கட்டும்.

அப்படியிருந்தபோதுதான் வெளியூர்க் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே கணக்குச் சரிபார்க்கும் வேலைக்கு ஆள் எடுத்தது. விண்ணப்பித்தேன். ஆயுத பூஜை முடிந்த வாரம் மெயில் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைன் தேர்வு. வேலை பார்க்கப்போகும் அதே கம்ப்யூட்டரில்தான் தேர்வும் எழுத வேண்டும். புது விண்டோஸ் இருக்க வேண்டும். கேமராவும் மைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முகம் தெரியவில்லை என்றால் தேர்வு ரத்து, மறுவாய்ப்பு கிடையாது.

எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும், அவ்வளவுதான். புது லேப்டாப் வாங்குகிற நிலைமையில் நாங்கள் அப்போது இல்லை. என் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பழைய விண்டோஸை அழித்துப் புதியதைப் போட்டுக் கொடுத்தார். "சும்மா பறக்குது பாருங்கக்கா" என்றார். பறக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்கு வந்து திறந்தால் வைஃபை இல்லை, சத்தம் இல்லை, கேமரா இல்லை. கண்ணும் காதும் வாயும் இல்லாமல் வேகம் மட்டும் இருந்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் கடைக்கு ஓடினேன்.

"டிரைவரெல்லாம் பார்மெட்ல போயிருச்சுக்கா" என்றார் அவர்.

டிரைவர் என்றால் என்ன என்பதை அன்றுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேமரா, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸோடு பேச ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். அது இல்லையென்றால் கேமரா உள்ளே குத்துக்கல் மாதிரி இருந்தாலும் விண்டோஸுக்கு அது யாரென்றே தெரியாது.

"அப்ப அந்த டிரைவரப் போட்டுக் குடுங்கண்ணே."

"எங்கக்கா போட? இது என்ன மாடல்னே தெரியல. அடியில ஸ்டிக்கர் இருக்கணும், அதையும் காணோம். பேசாம இந்த டப்பாவ எடைக்குப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு பாருங்க."

வந்ததே கோபம் எனக்கு! சீர்வரிசைத் தாம்பாளத்தில் உட்கார்ந்து வந்த லேப்டாப், அதைப் பார்த்து டப்பாவாம். "அண்ணே, டப்பான்னு மட்டும் சொல்லாதீக. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீராப்பாக வந்துவிட்டேனே தவிர, இனி என்ன செய்வது என்று எனக்கே தெரியாது.

ஸ்டிக்கர் எங்கே போனது என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. ஆயுத பூஜை வந்தால் அத்தை வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் போட்டுத் தேய்ப்பார். மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், மகனுடைய பைக் என்று எதையும் விடமாட்டார். கழுவ முடிந்ததைக் கழுவி, துடைக்க முடிந்ததைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இடுவார். அந்தப் பொட்டு தானாக உதிரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. அது அத்தையின் சட்டம். எங்கள் ஃப்ரிட்ஜ் தீபாவளி வரைக்கும் பொட்டோடுதான் நிற்கும்.

"கம்ப்யூட்டரு அடியில அழுக்கா ஒரு தாளு ஒட்டியிருந்துச்சுத்தா. தேங்காண்ணெயத் தொட்டுத் தேச்சேன், அம்புட்டும் வந்துருச்சு. இப்பப் பாரு, எம்புட்டுச் சுத்தமா இருக்கு!" என்றார்.

நல்லது நினைத்துச் செய்தவரைத் திட்டவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதல் சிக்கல், டிரைவரைத் தேட இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை டிரைவர் வேண்டும். எங்கள் ஊர்க் கிணற்று மோட்டார் இப்படித்தான், தண்ணீர் எடுக்க முதலில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். போனைக் கேபிளில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தேன். அது வேலை செய்தபோதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அடுத்து, கூகுளில் தேடினால் டிரைவர் தருகிறோம் என்று ஆயிரம் பேர் கூவுகிறார்கள். பச்சைப் பசேலென்று பெரிய பட்டன், "டவுன்லோட்" என்று. அமுக்கினேன். டிரைவர் வரவில்லை. லாட்டரி அடித்திருக்கிறது என்று ஒன்று வந்தது, உங்கள் கம்ப்யூட்டரில் நோய் இருக்கிறது என்று இன்னொன்று வந்தது. "நோய் ஒனக்குடா!" என்று கத்திவிட்டேன். சாப்பிட வந்திருந்த என் கணவர் திடுக்கிட்டுத் தட்டோடு எழுந்துவிட்டார்.

"எதுக்கு இப்பிடி மல்லுக்கட்டுற? எங்க லாட்ஜ் கம்ப்யூட்டரக் கேட்டுப் பாக்கட்டா?"

"தெனமும் லாட்ஜுல வந்து உக்காந்தா நான் வேலை பாப்பேன்? அதே கம்ப்யூட்டர்ல எழுதணும்னு போட்டிருக்காகள்ல?"

"ஆளை விடு தாயி" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அந்தக் குப்பையையெல்லாம் நீக்கிவிட்டு மறுபடி தேடினேன். எங்கோ ஒரு பக்கத்தில், எந்த நாட்டுக்காரரோ, தப்புந்தவறுமான ஆங்கிலத்தில் யாருக்கோ பதில் எழுதியிருந்தார். மாடல் தெரியவில்லை என்றால் கவலைப்படாதே. டிவைஸ் மேனேஜரைத் திற. மஞ்சள் முக்கோணம் போட்டிருப்பதுதான் டிரைவர் இல்லாத பொருள். அதன் விவரத்துக்குள் போனால் ஹார்டுவேர் ஐடி என்று ஒரு நீள வரி இருக்கும். அதை வைத்துத் தேடு.

போய்ப் பார்த்தேன். இருந்தது! எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. அதில் ஒரு துண்டு அந்தப் பொருளைச் செய்த கம்பெனியைச் சொல்லும், இன்னொரு துண்டு அது எந்தப் பொருள் என்று சொல்லும். நம் பக்கத்தில் முகம் தெரியாத ஆள் வந்தால் ஊரையும் பேரையும் மட்டுமா கேட்கிறோம்? "குலசாமி எது?" என்று ஒரே கேள்வி கேட்டால் பங்காளியா, மாமன் மச்சானா என்பது விளங்கிவிடுகிறது. அதே கதைதான் இது. லேப்டாப்பின் ஸ்டிக்கர் போனால் போகட்டும், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் குலசாமி தெரிந்தால் போதும்.

வைஃபை டிரைவர் மத்தியானத்துக்குள் கிடைத்தது. அந்தப் பாகத்தைச் செய்த கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தேன், பச்சைப் பட்டன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அடுத்து சத்தத்துக்கும் மைக்குக்கும். போட்டு முடித்ததும் லேப்டாப் "டொய்ங்" என்று ஒரு சத்தம் கொடுத்தது. பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை பதறிப்போய், "ஆத்தீ! பேசிருச்சு!" என்று கீரையைக் கீழே கொட்டிவிட்டார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அத்தையும் என்ன ஏதென்று கேட்காமல் சேர்ந்து கைதட்டினார். அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

மிச்சம் இருந்தது கேமரா மட்டும். அது அரைக்கிணறு தாண்டின கதையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் ஐடியைத் தேடி, பொருத்தமான டிரைவரையும் கண்டுபிடித்துப் போட்டேன். மஞ்சள் முக்கோணம் மறைந்தது. அடடா, முடிந்தது வேலை என்று கேமராவைத் திறந்தால் என் முகம் இல்லை. திரை முழுக்கக் கருஞ்சிவப்பு. செம்மண் தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்த மாதிரி.

தப்பான டிரைவர் போட்டுவிட்டோம் என்று அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டேன். கேமராவே காணாமல் போனது. இன்னொன்றைப் போட்டேன். திரை நீலமாகி லேப்டாப் அணைந்து, தானாகத் திறந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. கடைசியில் திரும்பவும் முதல் டிரைவரையே போட்டேன். திரும்பவும் அதே சிவப்பு.

மத்தியானம் தாண்டிவிட்டது. மறுநாள் பத்து மணிக்குத் தேர்வு. கேமராவே கெட்டுப்போயிருக்கும், டிரைவர் போட்டு என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் சரியோ? டப்பாதானோ இது? நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனேன்.

பாதி மூடியபோது ஜன்னல் வெயில் திரையின் மேல் சட்டத்தில் விழுந்தது. அந்தச் சட்டத்தின் நட்டநடுவில், காய்ந்துபோன சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

பொட்டு!

இத்தனை நாளாக அது என் கண்முன்னால்தான் இருந்தது. என் கண்ணில் மட்டுமா படவில்லை? கடைக்காரர் கண்ணிலும் படவில்லை. அவர் கடையிலும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குப் பிறகு பொட்டில்லாமல் ஒரு மெஷின் இருந்தால்தான் கண்ணை உறுத்தும்.

"அத்தே, இதுக்குப் பொட்டு எங்க வச்சீக?"

"நெத்தியிலதான் வச்சேன். பொட்ட வேற எங்கத்தா வப்பாக?"

"அது நெத்தி இல்லத்தே, கண்ணு! கேமரா அங்கதான் இருக்கு!"

அவர் விழித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று கேட்டால், கேமரா கெடவில்லை என்பது இரண்டாம்பட்சம். நான் போட்ட முதல் டிரைவரே சரியான டிரைவர்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். "நான் போட்டது சரிதான்! மொதல்லயே சரியாப் போட்டுட்டேன்!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, வச்ச பொட்ட அழிக்கவா போற?"

குரலில் அவ்வளவு நேரம் இருந்த விளையாட்டு இல்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது. மாமா இறந்த அன்று அத்தை நெற்றியில் என்ன செய்தார்கள் என்று அவரே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு என்னைவிடச் சின்ன வயது. அதற்குப் பிறகு நல்ல காரியத்தில் அவரைப் பொட்டு வைக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டது கிடையாது. எங்கள் வீட்டு மெஷின்களுக்கு மட்டும்தான் அவர் ஆசை தீரப் பொட்டு வைப்பார். அதைப் போய் ஈரத்துணியால் துடைக்க நிற்கிறேன்.

"அழிக்கலத்தே. ஆனா முகம் தெரியலைன்னா பரீச்ச எழுத விடமாட்டாக" என்றேன். துணியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

அவர் சேலை முந்தானையை நாக்கில் நனைத்து, சந்தனத்தை மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தார். எழுந்து போய்ப் புதுச் சந்தனம் குழைத்து வந்து, பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டார்.

"அழிக்கலத்தா. தள்ளி வச்சிருக்கேன். இப்பப் பாரு" என்றார்.

கேமராவைத் திறந்தேன். திரையில் நானும் அத்தையும். என் மூக்கு சிவந்து, தலை கலைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அத்தை தன் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "எம்புட்டு வெவரமா தெரியுது" என்றார். புதுப் பொட்டு கொஞ்சம் ஓரமாகக் கண்ணாடியில் பட்டிருக்க வேண்டும், படத்தின் மேல் மூலையில் லேசாக ஒரு சிவப்பு படர்ந்திருந்தது. அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதையும் அதே லேப்டாப்பில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடைக்காரர்கூட இப்போது டிரைவர் கிடைக்காத கேஸ் வந்தால் "அக்கா, இதுக்கு எங்கக்கா தேட?" என்று எனக்குப் போன் போடுகிறார். ஆனால் வேலை கிடைத்த மெயிலைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது திங்கட்கிழமை காலை, தேர்வு தொடங்கும் முன் நடந்ததுதான்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு அத்தை வாசலுக்குப் போய்விட்டார். தேர்வைக் கண்காணிக்கும் பெண், முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுத்தார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார், அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். எல்லாம் செய்தேன்.

"மேடம், உங்க வீடியோல மேல ஓரமா சிவப்பா ஏதோ இருக்கு. லென்ஸைக் கொஞ்சம் துடைச்சிருங்க."

கை தானாகக் கைக்குட்டையை எடுத்துவிட்டது. கேமரா வரைக்கும் போன கை அங்கேயே நின்றது. இந்தப் பெண் ஒரு சொல் சொன்னால் தேர்வு ரத்து என்பது எனக்குத் தெரியும். இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதும் தெரியும்.

"என் முகம் முழுசாத் தெரியுதா மேடம்?"

"தெரியுது."

"அப்ப அது இருக்கட்டும் மேடம். அது எங்க அத்தை வச்ச பொட்டு. நான் துடைக்க மாட்டேன்."

கெடுத்துக்கொண்டாயே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரில் "தக்காளி, தக்காளி" என்று தொடங்கினார். அதற்கு மேலாக எங்கள் வாசலிலிருந்து அத்தையின் குரல் கிளம்பியது.

"யப்பா தம்பி, அந்த ரேடியாவ நிப்பாட்டிட்டுப் போப்பா! உள்ள எம் மருமக பரீச்ச எழுதுறா! கம்ப்யூட்டர் பரீச்ச! அவளே கம்ப்யூட்டரச் சரி பண்ணி அவளே எழுதுறா!"

தக்காளி சட்டென்று நின்றது. தெருவே அமைதியாகிவிட்டது.

திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்குவது எனக்கு நன்றாகவே கேட்டது.

"உங்க அத்தையா?"

"ஆமா மேடம்."

"பொட்டு இருக்கட்டும் மேடம். மைக்கும் நல்லாவே வேலை செய்யுது. ஆரம்பிங்க."

"அந்த டிரைவரும் நான் போட்டதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு, முதல் கேள்வியைத் திறந்தேன்.